கூலிக் கணக்கினுள் ஒரு குடும்பம்

1957 ஜூலையில் புதுதில்லியில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, உழைப்பவர் ஒருவருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு கூலி தருவது நியாயம் என்று நிர்ணயிக்கப் புகுந்து, அந்த முயற்சியினிடையே ஒரு குடும்பத்தையும் நிர்ணயித்து வைத்தது. சம்பாதிப்பவர் ஒருவர் என்றும், அவரையும் உள்ளிட்டு அவர் வருமானத்தில் உண்பவர்கள் மூன்று நுகர்வு அலகுகள் என்றும், மனைவி மக்களின் சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது என்றும் அம்மாநாடு விதித்தது. கணவனுக்கு 1, மனைவிக்கு 0.8, குழந்தைகள் இருவருக்குத் தலைக்கு 0.6 எனக் கூட்டி அந்த மூன்றைப் பெறுவது வழக்கம். டாக்டர் அக்ராய்டு வகுத்த ஆகார அளவு, தலைக்கு ஆண்டொன்றுக்கு 18 கஜமாக நால்வருக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்கு முதலிய சில்லறைச் செலவுகளுக்கு 20 சதவிகிதம் என்று அக்கணக்கு விரிந்தது. பின்னர் 1991-இல், ரெப்டகோஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்கென்று மேலும் 25 சதவிகிதத்தை அதனுடன் இணைத்தது. இவ்விரண்டையும் உழைக்கும் மக்கள் பெற்ற பெரும் பேறுகளாகவே நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த 0.8 என்னும் எண் நம் சிந்தனைக்கு உரியது. அக்கணக்கில் மனைவி உண்கிறாள், உடுத்துகிறாள். ஆனால் உழைப்பவளாக அதில் எந்த இடத்திலும் அவள் தோன்றுவதில்லை.

கூலி என்பது கொடுப்பவரும் பெறுபவரும் பேரம் பேசி முடிக்கும் விலை என்று பொருளாதாரப் பாடப் புத்தகங்கள் தொடங்குகின்றன. ஒவ்வொரு கூலி விகிதத்துக்குள்ளும் அதைக் கொடுப்பவர் மனத்தில் ஊகித்து வைத்த ஒரு குடும்பம் மறைந்திருக்கிறது என்பதும், அந்தக் குடும்பத்தில் யாருக்கு வேலையை மறுக்கும் ஸ்வாதீனம் உண்டு, யாருக்கு இல்லை என்பதே கூலியின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் என் அபிப்பிராயம். இதனைப் பரிசீலிப்பதற்குக் கொங்கு நாட்டைப் போல ஏற்ற களம் தமிழகத்தில் வேறில்லை. கோயம்புத்தூரிலிருந்து பகற்பொழுதில் பஸ்ஸில் சென்று திரும்பக்கூடிய வட்டாரத்துக்குள், பண்ணையாள் முறையும், நிரந்தர ஆலை வேலையும், விடுதியில் வைத்து இளம்பெண்களிடம் வாங்கிய நூற்பு வேலையும், முன்பணத்தால் ஆளைக் கட்டிய விசைத்தறி வேலையும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் ஷிப்டு வேலையும் ஒரு நூற்றாண்டுக்குள் தோன்றியும் தேய்ந்தும் வந்திருக்கின்றன. அவற்றை ஆராய்ந்தவர்களும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகாமல், ஆண்டுக்கணக்கில் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள்.

மழை குறைந்த மேட்டு நிலமாகிய கொங்கில், ஆற்றுப் பாசனம் எட்டும் இடங்கள் நீங்கலாகக் கிணறே விவசாயத்துக்கு ஆதாரம். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் தோட்டத்து வேலைக்கு நேரம் காலம் இருந்ததில்லை. ஆள் எப்பொழுதும் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும் என்னும் நிர்ப்பந்தத்தில், ஆண்டுக் கணக்கில் அமர்த்தும் பண்ணையாள் முறை வேரூன்றியது. பண்ணையாட்கள் பெரும்பாலும் அருந்ததியர், நிலமில்லாதவர்கள், ஊருக்கு வெளியே தனியே குடியிருத்தப்பட்டவர்கள். தானியமாகவும் பணமாகவும் கொடுத்த அந்தக் கூலி பெயரளவில் ஓர் ஆணுக்கு உரியது. ஆனால் களையெடுப்பு, அறுவடை, சாணம் அள்ளுதல் என்று அழைத்தபோதெல்லாம் அவர் மனைவி வந்தாக வேண்டும். பையன் ஆடு மேய்க்க வேண்டும். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலைப் படித்தவர்களுக்கு அச்சிறுவர்களின் பால்யம் எப்படிக் கழிந்தது என்பதை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பண்ணையத்துக் கூலி ஒரு குடும்பத்தின் சகல அங்கத்தினரையும் சேர்த்து வாங்கிய விலை. வாங்கிய முன்பணம் தீரும்வரை வேலையை மறுப்பதற்கு அவர்களில் எவருக்கும் வழி இருந்ததில்லை.

ஆலை வேலையின் கதை வேறு. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலியோர் தொடங்கிய கோயம்புத்தூர் நூற்பு நெசவு ஆலைக்குப் பின் நெடுங்காலம் மெல்ல வளர்ந்த இத்தொழில், 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்ததும் அசுர வேகத்தில் பெருகியது. அக்காலத்து ஆலைகளில் பெண்களும் கணிசமாக உழைத்தார்கள். 1946 ஜனவரி 8-ஆம் தேதி சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டதன் பின்னணியில், ரங்கவிலாஸ் ஆலையில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையே இருந்தது என்பதைக் கோவைத் தொழிலாளர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்தத் தியாகங்களின் மீது எழுந்த சங்கங்கள் நிலையான சம்பளம், பஞ்சப்படி, போனஸ், வருங்கால வைப்பு நிதி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சாதித்தன. ஈ. ஏ. ராமசாமி 1977-இலும், உமா ராமசாமி 1983-இலும் வெளியிட்ட நூல்கள் அந்தத் தொழிலாளியின் வாழ்வையும் சங்கத்தையும் சமூகப் பிணைப்புகளையும் நுணுக்கமாகச் சித்திரிக்கின்றன. அதே சமயத்தில், நகரத்தின் பட்டறைகளை ஆராய்ந்து 1982-இல் எழுதிய ஜான் ஹாரிஸ், நிரந்தர ஆலைத் தொழிலாளிக்கும் சிறு பட்டறைகளில் தினக்கூலிக்கு உழைப்பவருக்கும் இடையே இருந்த பிளவையும், வேலைக்குள் நுழையும் வாயில் உறவும் சாதியுமாக இருந்ததையும் எடுத்துக் காட்டினார்.

அந்த நிரந்தரத் தொழிலாளி மெல்ல மெல்ல ஆணாகவே ஆகிப்போனார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கியது. காவலாக எழுதப்பட்ட விதி அது. எழுதியவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மூன்று ஷிப்டும் ஓடுகிற ஆலையில் இரவுக்கு உதவாத ஆளை அமர்த்துவதற்கு முதலாளி தயங்கினார். ஆணுக்குக் குடும்பக் கூலி பெற்றுத் தந்த சங்கமும் அதைப் பெரிதாக எதிர்க்கவில்லை. 1957 மாநாட்டின் கணக்கிலே கண்ட குடும்பம், ஒருவர் சம்பாதிக்க மற்றவர் உண்ணும் அந்தக் குடும்பம், கோவையின் ஆலைக் குடியிருப்புகளில் ஒரு தலைமுறைக் காலம் மெய்யாகவே இருந்தது. பண்ணையத்தைப் பார்த்தவர்களுக்கு அது எத்துணை பெரிய விடுதலையாகத் தோன்றியிருக்கும் என்பதை மறத்தலாகாது.

பழைய ஆலைகள் நலிந்து, நிரந்தரத் தொழிலாளர் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறிய பின்னர், நூற்புத் தொழில் நாட்டுப்புறங்களுக்குப் பரவிய காலத்தில், இயந்திரத்தின் முன் வந்து நின்றவர்கள் பதினைந்து, பதினாறு, பதினெட்டு வயதுப் பெண்கள். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா வழக்கில், பெண்களுக்கு இரவு வேலையை விலக்கிய விதி அரசியல் சட்டத்தின் சமத்துவத்துக்கு முரண் என்று கண்டு, பாதுகாப்பு நிபந்தனைகள் பலவற்றை வகுத்து, அத்தடையை நீக்கியது. அந்தத் தீர்ப்பின் நியாயம் வேறு. அதன்பின் சில ஆலைகள் அமைத்துக்கொண்ட ஏற்பாடு வேறு. சுமங்கலித் திட்டம் என்றும், திருமகள் திருமணத் திட்டம் என்றும், மாங்கல்யத் திட்டம் என்றும் மங்களகரமான பெயர்கள் சூட்டி, திண்டுக்கல், தேனி, திருநெல்வேலி முதலிய வறண்ட பகுதிகளின் ஏழைக் குடும்பங்களிலிருந்து பெண்களை அழைத்து வந்து, ஆலை வளாகத்து விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிந்தால் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவதாக ஒப்பந்தம் செய்தார்கள். மாதந்தோறும் கையில் கிடைத்தது சொற்பம். மூன்றாண்டுக்குள் உடல் நலிந்தோ மனம் வெறுத்தோ வெளியேறினவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. உழைத்து முடித்த நாட்களின் கூலியைக் கொடுப்பவரிடமே பணயமாக விட்டுவைப்பது என்னும் இந்த முறையை வேறெந்தப் பெயரால் அழைத்தாலும் அதன் தன்மை மாறாது. பயிற்சியாளர் என்ற முத்திரையின் கீழ் இது நடப்பதைக் கண்டு தமிழக அரசு 2008-இல் ஆலைப் பயிற்சியாளருக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. ஆலை அதிபர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011-இல் நெதர்லாந்து ஆராய்ச்சி ஸ்தாபனமாகிய சோமோ வெளியிட்ட அறிக்கைக்குப் பின், ஐரோப்பியத் துணிக் கம்பெனிகளும் விசாரிக்கத் தொடங்கின.

இங்கே நான் சற்று நிற்க விரும்புகிறேன். பிள்ளைகளின் கல்யாணச் செலவு தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குள்ளேயே அடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லிவிட்டது. அதாவது, ஒரு பெண்ணுக்கு மாங்கல்யம் வாங்கும் பணம் அவள் தகப்பனின் கூலியில் இருந்தாக வேண்டும். திண்டுக்கல் பக்கத்துக் காட்டுவேலைக்காரரின் கூலியில் அது இல்லை. இல்லாத காரணத்தினாலேயே அவர் மகள் ஆலைக்கு வந்தாள். அவள் ஈட்டியதும் கூலியாக அவள் கைக்கு வராமல், வரதட்சணையாக வேறொரு குடும்பத்தின் கைக்குப் போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. 1961 முதல் சட்டவிரோதமாக இருந்து வரும் ஒரு வழக்கம், நூற்பாலையின் ஆள் சேர்ப்புக்கு உபாயமாயிற்று. கூலியை ஆராய்கிறவர்கள் கல்யாணச் சந்தையை ஆராயாமல் இதை விளங்கிக்கொள்ள இயலாது. இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான், 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை 2022-இல் தமிழக அரசு மாற்றியமைத்து, அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமாக்கியதன் முக்கியத்துவம் புலப்படும். தாலிக்குத் தங்கம் கொடுத்ததை நன்றியோடு பெற்ற குடும்பங்கள் உண்டு. இருந்தாலும் கல்யாணத்தை நோக்கிக் கொடுத்த பணத்தைக் கல்வியை நோக்கித் திருப்பியது சரியான காரியமென்றே கருதுகிறேன்.

விசைத்தறியைப் பற்றி ஒரு சொல். குமாரபாளையத்தில் நெடுநாள் தங்கி ஆராய்ந்த ஹெர்ட் டி நெவ், தறிக்காரர் முதலாளியிடம் வாங்கும் முன்பணமாகிய ‘பாக்கி’ அவரைக் கட்டிப்போடும் கயிறாகவும், சமயத்தில் தறிக்காரர் தம் பக்கம் இழுக்கும் கயிறாகவும் இருந்ததை விவரித்திருக்கிறார். அந்தப் பாக்கி பெரும்பாலும் ஒரு சீருக்கோ, பிரசவத்துக்கோ, வைத்தியத்துக்கோ வாங்கியது. கூலி தாங்காத குடும்பச் செலவு கடனாகி, வேலையிடத்துக்குத் திரும்பி வந்து நின்றது.

திருப்பூரின் விஷயம் விரிவானது. அதன் முதலாளிகளில் பலர் கொங்கு வேளாளக் குடியானவர் வீட்டிலிருந்து வந்து, தொழிலாளியாகத் தொடங்கி, உழைப்பையே முதலாக்கி உயர்ந்தவர்கள் என்று ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்து காட்டினார். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலை நிறுத்தம் அந்நகரத்தின் வரலாற்றில் ஓர் எல்லைக்கல். ஏற்றுமதி பெருகிய பின்னர் டைலர், செக்கிங், கைமடி, பிசிறு வெட்டு, அயர்ன் என்று நூறாயிரக்கணக்கான கைகளுக்கு வேலை கிடைத்தது. அவற்றில் பெண் கைகள் மிகுதி. ஆனால் அங்கே கூலியின் அலகு நாள் அன்று, ஷிப்டு. காலை எட்டரைக்குத் தொடங்கி மாலையில் முடிவது ஒரு ஷிப்டு. இரவு எட்டரை வரை நீண்டால் ஒன்றரை. சரக்கு கப்பலேற வேண்டிய வாரத்தில் ஒன்றரை ஷிப்டுக்கு இசையாதவருக்கு மறுவாரம் வேலை நிச்சயமில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது கை நிறைந்ததாகத் தோன்றும் தொகை, பன்னிரண்டு மணி நேரம் வீட்டை மறந்து உழைக்கக்கூடிய ஒருவருக்காக வகுத்தது. கிரேஸ் கார்ஸ்வெல் 2016-இல் எழுதிய கட்டுரையொன்றில், திருப்பூர்ப் பெண்களின் வேலையைப் பற்றிய போராட்டங்கள் பெரும்பாலும் வீட்டிற்குள்ளேயே நிகழ்கின்றன என்று காட்டுகிறார்: கல்யாணமானதும், அல்லது முதற்குழந்தை பிறந்ததும், கம்பெனியை விட்டு நிற்பவர்கள், மாமியாரோ தாயாரோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முன்வந்தால் திரும்புகிறார்கள், இல்லையேல் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயது வரை காத்திருக்கிறார்கள். பனியன் கம்பெனியின் கூலியும் ஒரு குடும்பத்தை ஊகித்தே வகுத்தது. அது பாட்டி ஒருத்தி வீட்டில் இருக்கிற குடும்பம்.

ஆக்ஸ்ஃபோர்டு சாமர்வில் கல்லூரியைச் சேர்ந்த ஜூடித் ஹேயர் 1981-82-இல் இப்பகுதிக் கிராமங்களில் கணக்கெடுத்து, 1996-இலும் பின்னர் 2008-09 வரையிலும் அவ்வூர்களுக்குத் திரும்பி வந்து கண்டவற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஒன்று உண்டு. முதல் முறை அவர் வந்தபோது அருந்ததியப் பெண்கள் ஏறக்குறைய எல்லோரும் தோட்டங்களில் கூலி வேலை செய்தார்கள்; பண்ணையாள் முறை இன்னும் இருந்தது. கடைசியாக வந்தபோது பண்ணையம் அநேகமாக மறைந்து, ஆண்கள் திருப்பூர்த் தொழில்களிலும் கட்டட வேலையிலும் பரவியிருக்க, பெண்களில் கணிசமானோர் கூலி வேலையை விட்டு வீட்டைக் கவனிப்பவர்களாக ஆகியிருந்தார்கள். பெண்ணின் பொருளாதார சுதந்திரத்தில் நம்பிக்கையுள்ள எவரும் இதைக் கண்டு முதலில் கவலைப்படவே செய்வர். எம். என். ஸ்ரீநிவாஸ் வகுத்த மேனிலையாக்கம் என்னும் கருத்தின்படி, மேல்சாதியைப் பார்த்துப் பெண்ணை வீட்டில் இருத்தும் வழக்கமே இது என்று முடித்துவிடவும் தோன்றும். ஹேயர் அப்படி முடிக்கவில்லை. அப்பெண்களின் சொற்படி, அவர்கள் விட்டு வந்தது வெயிலில் முதுகொடிந்த, குறைந்த கூலியும் அவமதிப்பும் நிறைந்த வேலை. அடைந்தது ஓய்வு, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அவகாசம், வீட்டிற்குள் முன்பிலும் இணக்கமான வாழ்வு. தலைமுறை தலைமுறையாகக் கூப்பிட்டபோதெல்லாம் போயே தீரவேண்டியிருந்த பெண், இன்று போகாமலிருக்க முடிகிறது என்பதை நஷ்டக் கணக்கில் மட்டும் எழுத நான் துணியமாட்டேன்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கிளாடியா கோல்டின், 2023-இல் நோபல் பரிசு பெறக் காரணமான ஆராய்ச்சியில், இருநூறு ஆண்டுப் பதிவுகளைத் தேடித் திரட்டி, பெண்களின் வேலைப் பங்கேற்பு வேளாண் சமுதாயத்தில் உயர்ந்தும், ஆலைத்தொழில் காலத்தில் தாழ்ந்தும், சேவைத் தொழில்கள் வளர்ந்தபின் மீண்டும் உயர்ந்தும் சென்றதை நிறுவினார். மனைவி என்று மட்டும் ஜனத்தொகைப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெண்கள் பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் உழைத்து வந்ததையும் அவரே வெளிக்கொணர்ந்தார். நம் நாட்டு வேலைக் கணக்கெடுப்பிலும் இவ்வகைப் பெண்களுக்கு 92, 93 என்னும் இரு குறியீட்டெண்கள் இருக்கின்றன. வீட்டு வேலை மட்டும் செய்பவர் முன்னதிலும், அத்துடன் விறகு சேகரித்தல், தைத்தல் போன்றவற்றைச் செய்பவர் பின்னதிலும் சேர்வர். இருசாராரும் உழைப்பாளர் தொகைக்குப் புறம்பு. 2019-இல் தேசிய அளவில் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், ஆண் 97 நிமிஷமும் அதற்குச் செலவிடுவதாகக் கண்டது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் அது. திருப்பூரின் அரை ஷிப்டைக் காட்டிலும் நீண்டது.

போகாமலிருக்கும் ஸ்வாதீனம் எங்கிருந்து வந்தது? கணவன் சம்பாத்தியம் உயர்ந்தது ஒரு காரணம். சர்க்கார் செய்தவை மற்றொரு காரணம். அவற்றைப் போதிய அளவு நாம் மதிப்பதில்லை. 1982 ஜூலையில் விரிவாக்கப்பட்ட சத்துணவு, பையனை ஆட்டுப் பட்டியிலிருந்து பள்ளிக்கு இழுத்தது. ரேஷன் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாயாகி, 2011 ஜூனிலிருந்து இலவசமாயிற்று. அடுப்பு எரிய வேண்டுமானால் நாளைக்கே தோட்டத்துக்குப் போயாக வேண்டும் என்னும் அவசரம் தணிந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த நூறு நாள் வேலை, சொந்த ஊரிலேயே, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதத்தில், எந்தத் தோட்டக்காரருடைய தயவும் இன்றிக் கிடைத்தது. கார்ஸ்வெல்லும் டி நெவ்வும் திருப்பூர் வட்டாரத்துக் கிராமங்களில் ஆராய்ந்து 2014-இல் எழுதியபடி, அதனால் பெரிதும் பயனடைந்தவர்கள் தலித் பெண்கள். விவசாயக் கூலியைப் பேசி உயர்த்தவும் அது துணை நின்றது. அதனால் ஆள் கிடைப்பதில்லை, கூலி ஏறிவிட்டது என்று தோட்டக்காரர்கள் வருந்துவதைக் கொங்கு நாட்டில் எங்கும் கேட்கலாம். கிணற்று நீர் பாதாளத்துக்குப் போய், விளைபொருளுக்கு விலையும் இல்லாமல் தவிக்கிற சிறு விவசாயியின் துயரம் பொய்யன்று. ஆனால் அதற்குப் பரிகாரம் கூலிக்காரியின் மறுக்கும் உரிமையைப் பறிப்பதில் இருக்க முடியாது.

2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் மகளிர் உரிமைத் தொகையும், 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கிடைத்த கட்டணமில்லாப் பயணமும் இதே வரிசையில் வைக்கத் தக்கவை. முன்னது வீட்டு உழைப்பை உரிமை என்னும் பெயரால் அங்கீகரித்தது; பின்னது வேலைக்குப் போக விரும்பினவளின் கூலியிலிருந்து பஸ் சார்ஜ் கழிவதைத் தடுத்தது. மறுக்கவும், விரும்பினால் ஏற்கவும் இரண்டுக்குமே வழி வேண்டும். ஏற்பதற்கான வழிதான் இன்றும் குறுகலாக இருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டம் முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் உள்ள ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் திருத்திய மகப்பேற்றுச் சட்டம் ஐம்பது பேர் உள்ள ஸ்தாபனத்துக்கும் அதை விதித்தது. திருப்பூரிலோ வேலையின் பெரும்பகுதி அந்த எண்ணிக்கைகளுக்குக் கீழே உள்ள ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் நடக்கிறது. பெரிய கம்பெனியில் காப்பகம் இருந்தாலும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெரிசலான பஸ்ஸில் பதினைந்து மைல் வர எந்தத் தாயும் துணியமாட்டாள். அவள் வீட்டுக்கு அருகிலுள்ள அங்கன்வாடி பிற்பகலில் மூடிவிடுகிறது. ஷிப்டு அதற்குப் பின்னும் நீள்கிறது.

ஆகவே அவினாசி, பல்லடம், பெருமாநல்லூர் போன்ற, வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் ஊர்களிலேயே, அங்கன்வாடியை ஷிப்டு முடியும் வரை திறந்து வைத்து, அதற்கான கூடுதல் செலவை ஏற்றுமதியாளரும் அரசும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று வேண்டும் என்பது என் யோசனை. முதலாளிகளும் சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசும் கூலி ஒப்பந்தத்தில், பீஸ் ரேட்டையும் பஞ்சப்படியையும் பேசுகிற அதே மேஜையில், இதையும் ஒரு ஷரத்தாகச் சேர்க்கலாம். ஹேயர் கணக்கெடுத்ததைப் போன்ற கிராமங்களில், அவ்வாறு திறந்து வைத்த ஊரையும் வைக்காத ஊரையும் சில ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தால், வீட்டில் இருக்கும் பெண்களில் எத்தனை பேர் மனம் விரும்பி இருக்கிறார்கள், எத்தனை பேர் வேறு வழியில்லாமல் இருக்கிறார்கள் என்பது முதன்முறையாகத் தெரியவரும்.